ஒரே முகவரி, இரண்டு மதிப்புகள்: நினைவகமும் வலையமைப்பும் முகவரியைப் படிக்கும் விதம்

கேட்கப்பட்டவை இரண்டு கேள்விகள். முதலாவது: ஃபோர்க் அழைப்பால் ஒரு நிரல் தாய், சேய் என இரண்டாகப் பிரிகிறது. பிரிந்த பின் சேய் ஒரு மாறியின் மதிப்பை மாற்றுகிறது. பிறகு இரண்டும் அந்த மாறியின் முகவரியை அச்சிடுகின்றன. முகவரி அச்சு அசலாக ஒன்றாகவே இருக்கிறது, மதிப்பு மட்டும் வேறு. ஒரே இடத்தில் இரண்டு மதிப்புகள் எப்படி இருக்க முடியும்? இரண்டாவது: என் வீட்டுக் கணினியின் ஐபி முகவரி 192.168.1.5. நண்பர் வீட்டுக் கணினிக்கும் அதே முகவரி. இருவரும் ஒரே நேரத்தில் இணையத்தில் இருக்கிறோம். பிறகு பதில்கள் எப்படி வழி தவறாமல் வந்து சேருகின்றன?

இரண்டுக்கும் சேர்த்தே பதில் சொல்ல விரும்புகிறேன். இயங்குதளம் ஒரு பாடம், வலையமைப்பு வேறு பாடம் என்று பிரித்துப் படிப்பதால் இவை ஒரே கேள்வியின் இரண்டு முகங்கள் என்பது பலருக்குத் தெரியாமலே போய்விடுகிறது. முகவரியை நாம் இடம் என்று எண்ணிக்கொள்கிறோம்; குழப்பத்தின் வேர் அங்கேதான். உண்மையில் முகவரி, ஓர் அட்டவணையில் தேடிப் பார்ப்பதற்கான எண். அட்டவணை மாறினால் அதே எண் வேறிடத்தைக் காட்டும். தாய்க்கு ஓர் அட்டவணை, சேய்க்கு இன்னோர் அட்டவணை. உங்கள் வீட்டு ரௌட்டரிடம் ஒன்று, நண்பர் வீட்டு ரௌட்டரிடம் வேறொன்று. சுருக்கமான பதில் இவ்வளவே. அந்த அட்டவணை எப்படி இருக்கும், அதை யார் எழுதுகிறார்கள், எங்கே அது காலை வாரிவிடும் என்பதை இனிப் பார்ப்போம்.

ஆரம்பகாலக் கணினிகளில் நிரல் சொன்ன எண்ணே நினைவகக் கட்டத்தின் எண். 500 என்றால் ஐந்நூறாவது கட்டம், அவ்வளவுதான். இரண்டு நிரல்களைச் சேர்த்து ஏற்றினால் ஒன்று மற்றொன்றின் மேல் எழுதிவிடும் அபாயம் எப்போதும் இருந்தது. நினைவகத்தைவிடப் பெரிய நிரல் என்றால் எந்தத் துண்டு எப்போது உள்ளே வர வேண்டும், எது வெளியேற வேண்டும் என்று எழுதுபவரே திட்டமிட வேண்டும். மான்செஸ்டர் பல்கலைக்கழகத்தில் டாம் கில்பர்ன் தலைமையில் உருவாகி 1962 டிசம்பரில் செயல்பாட்டுக்கு வந்த அட்லஸ் கணினிதான் இந்தச் சுமையை நிரலரின் தோளிலிருந்து இறக்கியது. அதில் வேகமான கோர் நினைவகம் கொஞ்சமும் மெதுவான டிரம் நினைவகம் நிறையவும் இருந்தன. நினைவகத்தை 512 சொற்கள் கொண்ட பக்கங்களாக வகுத்து, எந்தப் பக்கம் கோரில் இருக்கிறது, எது டிரம்மில் இருக்கிறது என்பதைக் கணினியே கவனித்துக்கொண்டது. நிரலின் கண்ணுக்குத் தெரிந்தது ஒரே பெரிய நினைவகம். இன்று உங்கள் கைபேசியில் நடப்பதும் அடிப்படையில் அதுவே.

கணக்கைப் போட்டுப் பார்த்தால் மர்மம் விலகிவிடும். பக்கத்தின் அளவு 4096 பைட் என்று கொள்வோம். பரவலாக உள்ள அளவும் அதுதான். நிரல் 20500 என்ற முகவரியைக் கேட்கிறது. அதை 4096-ஆல் வகுத்தால் ஈவு 5, மீதி 20. அதாவது ஐந்தாம் எண்ணுள்ள பக்கத்தில், தொடக்கத்திலிருந்து 20 பைட் தள்ளி. இந்த ஈவை மட்டுமே அட்டவணையில் தேட வேண்டும். மீதியை யாரும் தொடுவதில்லை. ராமைப் பக்க அளவிலேயே வெட்டிய துண்டு ஒவ்வொன்றுக்கும் சட்டகம் என்று பெயர். தாயின் அட்டவணையில் பக்கம் 5 என்பதற்கு எதிரே சட்டகம் 9 என்று எழுதியிருந்தால் உண்மையான இடம் 9 × 4096 + 20 = 36884. சேயின் அட்டவணையில் அதே பக்கம் 5-க்கு எதிரே சட்டகம் 2 என்றிருந்தால் 2 × 4096 + 20 = 8212. நிரல்கள் இரண்டும் அச்சிட்டது 20500. ராம் சில்லில் அவை தொட்டவை இரண்டு வெவ்வேறு இடங்கள். 4096 என்பது 2-இன் 12ஆவது அடுக்கு என்பதால் வன்பொருளுக்கு வகுத்தல் வேலைகூட இல்லை. கீழுள்ள 12 பிட்கள் மீதி, மேலே இருப்பவை பக்க எண். இந்த வெட்டை மனத்தில் வைத்துக்கொள்ளுங்கள். வலையமைப்புக்குப் போகும்போது இதே கத்தி மீண்டும் வரும்.

உங்கள் ஃபோர்க் கேள்வியில் இன்னும் ஒரு நுணுக்கம் இருக்கிறது. பிரியும் அந்த நொடியில், இயங்குதளத்தின் மையப் பகுதியான கெர்னல், நினைவகம் முழுவதையும் நகலெடுப்பதில்லை. அட்டவணையை மட்டும் நகலெடுத்து, எழுதக்கூடிய பக்கங்களை இரு அட்டவணைகளிலும் ‘படிக்க மட்டும்’ என்று குறித்து வைக்கிறது. அதுவரை தாயும் சேயும் ஒரே சட்டகத்தையே பார்த்துக்கொண்டிருக்கின்றன. சேய் அந்த மாறியில் எழுத முயன்றவுடன் வன்பொருள் தடுத்துக் கெர்னலை எழுப்புகிறது. கெர்னல் ஒரு புதிய சட்டகத்தை எடுத்து, அந்த ஒரு பக்கத்தை மட்டும் நகலெடுத்து, சேயின் அட்டவணையைத் திருத்தி, எழுதும் கட்டளையை மறுபடி ஓடவிடுகிறது. நிரலுக்கு இந்த இடையீடு தெரியவே தெரியாது. எழுதும் முன் இரு புரோசஸ்களுக்கும் (ஓடிக்கொண்டிருக்கும் நிரல்களுக்கும்) ஒரே இடம், எழுதிய பின் வெவ்வேறு இடம், முகவரி மட்டும் முதலிலிருந்து கடைசிவரை 20500. இயங்குதள வடிவமைப்பில் எனக்கு மிகவும் பிடித்த உத்தி இதுதான். தேவை வரும்வரை வேலையைத் தள்ளிப்போடுவதை இவ்வளவு நேர்த்தியாகச் செய்யும் வேறொன்றை நான் பார்த்ததில்லை.

இதே தள்ளிப்போடுதல் நினைவகம் கேட்கும்போதும் நடக்கிறது. ஒரு நிரல் 1 கிகாபைட் கேட்டால் லினக்ஸ் பெரும்பாலும் உடனே சம்மதித்துவிடும், ஆனால் ராம் ஏதும் செலவாகியிருக்காது. முகவரி வரம்பு மட்டும் ஒதுக்கப்படும். ஒவ்வொரு பக்கத்தையும் முதன்முறை தொடும்போது பக்கப் பிழை எழுந்து, அப்போதுதான் சட்டகம் கிடைக்கும். பிழை என்ற சொல்லைக் கேட்டு அஞ்ச வேண்டாம். ஒழுங்காக ஓடும் நிரலிலும் இது ஆயிரக்கணக்கில் நடக்கும். அட்டவணையில் எந்த உரிமையும் இல்லாத முகவரியைத் தொட்டால்தான் நிரல் கொல்லப்படுகிறது. சி மொழியில் எழுதுகிறவர்கள் அடிக்கடி சந்திக்கும் செக்மென்டேஷன் ஃபால்ட் அதுவே. இப்படிக் கையிருப்பைவிட அதிகமாக வாக்குக் கொடுத்துவிட்டு, எல்லோரும் ஒரே நேரத்தில் வந்து கேட்டால் என்ன ஆகும்? ராமில் இடமில்லாத பக்கங்களை ஒதுக்கி வைக்கும் வட்டுப் பகுதியான ஸ்வாப்பும் தீர்ந்த நிலையில் கெர்னல் ஏதாவது ஒரு புரோசஸைத் தேர்ந்தெடுத்துக் கொன்று இடம் பிடிக்கிறது. நள்ளிரவில் டேட்டாபேஸ் காரணமின்றி நின்றுவிட்டது என்று யாராவது சொன்னால் நான் முதலில் பார்க்கச் சொல்வது கெர்னல் பதிவைத்தான்.

அட்டவணை எவ்வளவு பெரியது என்பதும் சிந்திக்க வேண்டியது. 32 பிட் முகவரியில் 12 பிட் மீதி போனால் 20 பிட் பக்க எண். அதாவது 10,48,576 வரிகள். வரிக்கு 4 பைட் என்றால் ஒரு புரோசஸுக்கு 4 மெகாபைட், நூறு புரோசஸ்களுக்கு 400 மெகாபைட், அதுவும் வெறும் அட்டவணைக்கே. பெரும்பாலான வரிகள் வெறுமையாக இருக்கும் என்பதால் அட்டவணையையே அடுக்குகளாக்கினார்கள். அந்த 20 பிட்டைப் பத்து, பத்தாகப் பிரித்து, மேலடுக்கு வரி காலியாக இருந்தால் கீழடுக்கை உருவாக்குவதே இல்லை. இன்றைய 64 பிட் இன்டெல், ஏஎம்டி ப்ராசசர்களில் வழக்கமாக 48 பிட் முகவரி, நான்கு அடுக்குகள், அடுக்குக்கு 9 பிட், மீதி 12 பிட். ஆனால் இதில் ஒரு செலவு உண்டு: ஒரு மதிப்பைப் படிக்க அதற்கு முன் நான்கு முறை நினைவகத்தைப் படிக்க வேண்டும். அதனால் சமீபத்தில் தேடிய விடைகளை ப்ராசசர் தனக்குள் ஒரு சிறு குறிப்பேட்டில் வைத்துக்கொள்கிறது. அதன் பெயர் டிஎல்பி. குறிப்பேடு வேகமானது, ஆனால் பழைய குறிப்பு ஆபத்தானது. ஒரு பக்கத்தின் இடம் மாறினால், ப்ராசசரின் மற்ற கோர்களில் (தனித்தனியாக இயங்கும் கணிப்பு அலகுகளில்) உள்ள பழைய குறிப்பையும் அழிக்கச் சொல்லிக் கெர்னல் ஒவ்வொரு கோருக்கும் செய்தி அனுப்ப வேண்டியிருக்கிறது.

ராம் நிறைந்தால் எந்தப் பக்கத்தை வெளியேற்றுவது என்பது பெரிய பாடம். இங்கே ஒன்றை மட்டும் சொல்லிவிட்டுப் போகிறேன், ஏனென்றால் இது உள்ளுணர்வை அசைத்துப் பார்க்கும். முதலில் வந்த பக்கத்தை முதலில் வெளியேற்றுவது என்ற முறையில், 1, 2, 3, 4, 1, 2, 5, 1, 2, 3, 4, 5 என்ற வரிசையில் பக்கங்களைக் கேட்டுப் பாருங்கள். மூன்று சட்டகங்கள் இருந்தால் 9 பக்கப் பிழைகள். நான்கு சட்டகங்கள் கொடுத்தால் 10. நினைவகத்தைக் கூட்டியும் நிலைமை மோசமாகிறது. 1969-இல் இதை வெளியிட்டவர்களில் ஒருவரான பெலாடியின் பெயரால் இன்றும் இது அழைக்கப்படுகிறது. காகிதத்தில் கையால் ஒருமுறை போட்டுப் பாருங்கள், மறக்கவே மறக்காது.

இப்போது வலையமைப்பு. ஐபிவி4 முகவரி என்பது 32 பிட் எண். புள்ளி வைத்து நான்காகப் பிரித்து எழுதுவது மனிதர் படிப்பதற்காக மட்டுமே. நினைவக முகவரியைப் பக்க எண், மீதி என்று வெட்டியதைப் போல இதையும் வெட்டுகிறோம். மேல் பிட்கள் எந்த வலையமைப்பு என்று சொல்லும், கீழ் பிட்கள் அதற்குள் எந்தக் கருவி என்று சொல்லும். தொலைவிலிருக்கும் ரௌட்டர்கள் மேல் பிட்களை மட்டுமே தங்கள் அட்டவணையில் தேடுகின்றன. கீழ் பிட்கள் கடைசி வலையமைப்பு வரை தொடப்படாமல் பயணிக்கின்றன, நம்முடைய அந்த மீதி 20-ஐப் போலவே.

ஒரு வேறுபாடு உண்டு. வெட்டும் இடம் இங்கே நிலையானதல்ல. முதலில், முகவரிகளை வகுப்புகளாகப் பிரித்து, ஒவ்வொரு வகுப்புக்கும் அதை நிலையாகத்தான் வைத்திருந்தார்கள். சி வகுப்பு என்றால் 254 கருவிகள், பி வகுப்பு என்றால் 65,534, ஏ வகுப்பு என்றால் 1,67,77,214. ஆயிரம் கணினிகள் உள்ள நிறுவனத்துக்கு சி போதாது, பி கொடுத்தால் பெரும்பகுதி வீண். இந்த விரயத்தைத் தாங்க முடியாமல் 1993-இல் வகுப்புகளைக் கைவிட்டு, எந்தப் பிட்டிலும் வெட்டலாம் என்ற சிஐடிஆர் முறைக்கு மாறினார்கள். எங்கே வெட்டுவது என்பதைச் சொல்வதே சப்நெட் மாஸ்க். 192.168.10.77/26 என்று எழுதினால் மேலுள்ள 26 பிட் வலையமைப்பு, கீழுள்ள 6 பிட் கருவி. 77-ஐ இரும எண்ணாக எழுதினால் 01001101. அதில் முதல் இரண்டு பிட்களான 01 வலையமைப்பைச் சேர்ந்தவை. ஆகவே வலையமைப்பு 192.168.10.64, எல்லோருக்கும் அனுப்பும் முகவரி 192.168.10.127, கருவிகளுக்குக் கிடைப்பவை 65 முதல் 126 வரை 62 முகவரிகள். மாஸ்க்கைப் புள்ளி வைத்து எழுதினால் 255.255.255.192.

மாஸ்க்கை மனப்பாடம் செய்யாமல் அதன் வேலையைப் புரிந்துகொள்ளச் சொல்வதற்குக் காரணம் உண்டு. ஒரு முறை எங்கள் அலுவலகத்தில் ஒரு கணினி இணையத்துக்குப் போகும், பக்கத்து மேசைக் கணினிகளோடு பேசும், ஆனால் 192.168.10.140-இல் இருந்த பிரிண்டரை மட்டும் எட்டாது. கேபிளை மாற்றினோம், டிரைவரை மாற்றினோம், பாதி நாள் போயிற்று. அந்தக் கணினியின் முகவரி 192.168.10.77. மாஸ்க் /26 என்று இருக்க வேண்டியதை யாரோ /24 என்று போட்டிருந்தார்கள். /26-இன்படி 140 வேறு வலையமைப்பு, எனவே பாக்கெட்டை (அனுப்பும் தரவுத் துண்டை) வெளி வலையமைப்புகளுக்கு வாசலான ரௌட்டரிடம், அதாவது கேட்வேயிடம், கொடுக்க வேண்டும். /24 என்று நம்பிய கணினியோ 140 தன் அறையிலேயே இருப்பதாக எண்ணி, ‘140 யார்?’ என்று உள்ளூரிலேயே கூவிக்கொண்டிருந்தது. பதில் சொல்ல அங்கே யாருமில்லை. வெட்டும் இடம் இரண்டு பிட் தவறினால் போதும், அறிகுறி இப்படிப் பாதி வேலை செய்யும் பாதி செய்யாது என்றே இருக்கும்.

அந்தக் கூவலுக்கு ஏஆர்பி என்று பெயர், 1982-இல் வரையறுக்கப்பட்டது. ஐபி முகவரி தெரிந்தாலும் ஒரே அறைக்குள் பாக்கெட்டைக் கொண்டு சேர்க்க வலையமைப்பு அட்டையின் 48 பிட் மேக் முகவரி வேண்டும். எனவே எல்லோரிடமும் கேட்டு, உரியவர் சொல்லும் பதிலைச் சிறிது நேரம் குறித்து வைத்துக்கொள்கிறார்கள். டிஎல்பியின் வேலை நினைவுக்கு வருகிறதா? பழைய குறிப்பின் தொல்லையும் அப்படியே இங்கும் உண்டு. ஒரு சர்வரின் அட்டையை மாற்றிவிட்டு அதே ஐபியைக் கொடுத்தால், சிலருக்குச் சிறிது நேரம் அது எட்டாமல் போவது இதனால்தான். பாக்கெட் ரௌட்டர் ரௌட்டராகத் தாவும்போது ஒவ்வொரு தாவலிலும் மேக் முகவரிகள் மாறும். ஐபி முகவரிகள், இடையில் யாரும் திருத்தாதவரை, மாறாமல் போகும்.

அந்தத் ‘திருத்தாதவரை’ என்பதில்தான் உங்கள் இரண்டாவது கேள்விக்கான விடை இருக்கிறது. 10.0.0.0/8, 172.16.0.0/12, 192.168.0.0/16 ஆகிய மூன்று வரம்புகளை யார் வேண்டுமானாலும் தங்கள் வீட்டுக்குள், நிறுவனத்துக்குள் பயன்படுத்தலாம், பொது இணையத்தில் அவை செல்லாது என்று 1996-இல் வெளியான ஆர்எஃப்சி 1918 என்ற இணைய ஆவணம் சொல்கிறது. உங்கள் 192.168.1.5, போர்ட் 51000-இலிருந்து ஒரு பாக்கெட் ஓர் இணையதளத்துக்குப் போகிறது என்று கொள்வோம் (போர்ட் என்பது கணினிக்குள் எந்த இணைப்பு என்று காட்டும் எண்). ரௌட்டர் அனுப்புநர் முகவரியை அழித்துத் தன் பொது முகவரியான 203.0.113.20, போர்ட் 40001 என்று எழுதி அனுப்புகிறது. ‘40001-க்கு வருவது 192.168.1.5, 51000-க்கு உரியது’ என்று தன் அட்டவணையில் ஒரு வரி சேர்த்துக்கொள்கிறது. நேட் என்பது இதுதான். நண்பரின் ரௌட்டர் வேறு பொது முகவரியோடு, தன் சொந்த அட்டவணையோடு இதையே செய்கிறது. இணையதளத்துக்கு 192.168.1.5 என்ற எண் ஒருபோதும் தெரிவதில்லை. அட்டவணையில் வரி இல்லாத போர்ட்டுக்கு வெளியிலிருந்து யாராவது தட்டினால் பாக்கெட் கைவிடப்படும். உரிமையில்லாத பக்கத்தைத் தொட்ட நிரலைப் போல.

32 பிட்டில் மொத்தம் 429 கோடி முகவரிகளே உண்டு. மையக் கையிருப்பின் கடைசித் தொகுதிகள் 2011 பிப்ரவரியில் வழங்கப்பட்டுவிட்டன. 128 பிட் கொண்ட ஐபிவி6-இல் இந்தத் திருத்தும் வேலைக்கே தேவையில்லை. அது முழுமையாக வரும்வரை நேட்டோடுதான் வாழ்க்கை.

ஒப்புமை முறியும் இடத்தையும் சொல்லாமல் விட்டால் அது பாதிப் பதில்தான். பக்க அட்டவணையை எழுதும் உரிமை கெர்னலுக்கு மட்டுமே. சாதாரண நிரல் அதைத் தொட முயன்றால் வன்பொருளே தடுத்துவிடும். ஏஆர்பியில் அப்படிப்பட்ட காவலர் எவருமில்லை. ‘கேட்வே நான்தான்’ என்று அறையில் உள்ள எந்தக் கருவியும் பதில் சொல்லலாம், மற்றவை நம்பிவிடும். பிறருடைய பாக்கெட்டுகளைத் தன் வழியாகத் திருப்பிக்கொள்ளும் தாக்குதல்கள் இந்த ஓட்டையில்தான் நுழைகின்றன. அதனால்தான் உள்ளூர் வலையமைப்பிலும் குறியாக்கம் வேண்டும் என்று நான் விடாமல் சொல்கிறேன்.

கடைசியாக, நிரல் எழுதும்போது உங்களுக்கு நேரடியாக உதவக்கூடிய ஒன்று. இரண்டு புரோசஸ்கள் ஒரே நினைவகத் துண்டைப் பகிர்ந்துகொள்ளலாம், ஆனால் அந்தத் துண்டு இருவருக்கும் ஒரே முகவரியில் தெரிய வேண்டும் என்ற கட்டாயமில்லை. எனவே பகிர்ந்த துண்டுக்குள் ஒரு சுட்டியை (வேறொரு மதிப்பின் முகவரியை) எழுதி வைத்தால், மற்ற புரோசஸ் அதைத் தன் அட்டவணையில் தேடி, எங்கோ போய் விழும். தொடக்கத்திலிருந்து எத்தனை பைட் தள்ளி என்ற தூரத்தை எழுதி வைத்தால் இருவருக்கும் சரியாக இருக்கும். வலையமைப்பிலும் இதே விபத்து நடந்திருக்கிறது. கோப்புகளை அனுப்பும் நெறிமுறையான எஃப்டிபியின் பழைய ஆக்டிவ் முறையில் கிளையன்ட் (கோப்பைக் கேட்கும் கணினி), சர்வர் தன்னிடம் இரண்டாவது இணைப்பைத் தொடங்குவதற்காக, தன் ஐபி முகவரியைச் செய்தியின் உள்ளேயே எழுதி அனுப்பும். நேட் பாக்கெட்டின் தலைப்பில் உள்ள முகவரியைத்தான் திருத்தும், உள்ளே எழுதியது அப்படியே 192.168.1.5 என்று போய்ச் சேரும். அந்த எண்ணை நோக்கி இணைப்பை ஏற்படுத்த முயலும் சர்வர் உங்கள் கணினியை எட்டாது. எஃப்டிபியின் நெறிமுறையை அறிந்து உள்ளே இருப்பதையும் திருத்தித் தரும் ரௌட்டர்கள் உண்டு, ஆனால் இணைப்பு குறியாக்கப்பட்டிருந்தால் அவற்றாலும் படிக்க முடியாது. கிளையன்ட்டே இரண்டாவது இணைப்பையும் தொடங்கும் பாசிவ் முறைதான் அங்கே வேலை செய்யும்.